மலை ஏறும் பிக்கப்புக்கு எந்த கியர் பாக்ஸ் எடுப்பது?

போன மாசியில் அக்கா மகன் பட்டறைக்கு வந்தான். கொல்லிமலையில் செம்மேட்டைத் தாண்டி அவர்களுக்கு மிளகும் காபியும் இருக்கிறது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு டபுள் கேப் பிக்கப் ஒன்று எடுக்கப் போகிறான். பணம், கலர் எல்லாம் முடிவாகிவிட்டது. கியர் பாக்ஸில் வந்து நிற்கிறான். "மாமா, ஆட்டோமேட்டிக் மலைக்கு ஆகுங்களா? எல்லாரும் மேனுவலே எடுன்னு சொல்றாங்க."

நாமக்கல்லில் 26 வருடமாக கியர் பாக்ஸ் பிரித்துக் கோக்கிறேன். முதல் பாதி முழுக்க லாரிதான். என் அப்பா ஓட்டிய லாரியில் சிங்க்ரோ, அதாவது கியர் பற்களின் வேகத்தைச் சேர்த்துவைக்கும் வளையம், கிடையாது. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டர் கொடுத்து, பல்லோடு பல் சேரும் நேரத்தைக் காதால் கேட்டுப் போட வேண்டும். அந்த வீட்டில் வளர்ந்தவன் மேனுவலைத்தான் சொல்லுவான் என்று நினைத்துதான் மாப்பிள்ளை வந்திருப்பான். நான் உடனே எதையும் சொல்லவில்லை. எவ்வளவு லோடு ஏற்றுவாய், வாரத்தில் எத்தனை தடவை மலை, வீட்டில் யார் யார் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதி முடிவு அதில்தான் இருக்கிறது.

சந்தையில் இருப்பதை முதலில் பார்த்துவிடலாம். உலகத்தில் நடுத்தர பிக்கப் என்றால் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா டகோமா என்று ஒரு வரிசை உண்டு. நம்மூர் ஷோரூமில் கிடைப்பது முதல் இரண்டும்தான். டி-மேக்ஸ் வி-கிராஸ் 2016-ல் இங்கே வந்தது. இப்போதுள்ளது 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவை. 6 கியர் மேனுவலும் வருகிறது, 6 கியர் ஆட்டோமேட்டிக்கும் வருகிறது. ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன், அதிலும் இரண்டு வகை, இரண்டுமே 6 கியர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதே என்ஜின் மேனுவலோடு வந்தால் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கோடு வந்தால் 500. கிளட்சும் கியர் பாக்ஸும் தாங்கும் அளவுக்குத்தான் கம்பெனிக்காரன் என்ஜினைத் திறந்துவிடுவான். மேனுவல்தான் பலம், ஆட்டோமேட்டிக் பூஞ்சை என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டுவேன்.

அமெரிக்காவில் இந்தப் பேச்சே முடிந்துபோன மாதிரிதான். அங்கே ரேஞ்சர் 10 கியர் ஆட்டோமேட்டிக், நிசான் ஃபிரான்டியர் 9 கியர் ஆட்டோமேட்டிக். ஜீப் கிளாடியேட்டரில் இருந்த மேனுவலும் 2025 மாடலோடு போய்விட்டது. கிளட்ச் பெடல் வேண்டுமென்றால் டகோமா ஒன்றுதான் மிச்சம். நமக்கு இன்னும் இரண்டும் கிடைக்கிற காலம், அதனால் யோசித்து எடுக்கலாம்.

மேனுவல் எங்கே செலவு வைக்கும்

மேனுவல் கியர் பாக்ஸ் லேசில் சாகாது. சரியான ஆயில் ஊற்றி ஓட்டினால் வண்டி உள்ளவரை வரும். பணம் தின்பது அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கிளட்ச்.

போன வருடம் ஒரு பிக்கப் வந்தது. ஓடியது 28,000 கிலோமீட்டர்தான். கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்ததும் கருகிய வாடை பட்டறை முழுக்கப் பரவியது. கிளட்ச் பிளேட்டில் லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தது. அந்தப் பிளேட் உரசும் ஃப்ளைவீலில் நீலமும் கறுப்புமாகச் சூடு பட்ட திட்டுகள். நகத்தை வைத்து மெல்ல இழுத்தால் முடி கனத்துக்கு வெடிப்பு தட்டுப்பட்டது. ஓட்டியவர் அனுபவசாலி, அவரைக் குறை சொல்ல முடியாது. கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. லோடோடு வளைவில் நுழையும்போது முதல் கியரில் என்ஜின் கத்தும், இரண்டாவதில் இழுக்காது. கத்துகிறதே என்று இரண்டாவதில் போட்டு, கிளட்சைப் பாதி மிதித்துப் பிடித்து வளைத்துவிடுவார்கள். ஒரு வளைவுக்கு நாலைந்து விநாடி என்றே வையுங்கள். வண்டியே வெறுமனே இரண்டு டன் பக்கம், அதற்கு மேல் பலாப்பழம். அத்தனையும் அந்த நாலைந்து விநாடி ஒரு தட்டின் உராய்வில் தொங்குகிறது. இப்படி எழுபது தடவை, வாரத்தில் நாலு நாள்.

அதனால் மேனுவல் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். கிளட்சை முழுதாக விட்டுவிட்டு ஆக்சிலேட்டரில் மட்டும் வளையுங்கள். என்ஜின் கத்தினால் கத்தட்டும், டீசல் என்ஜினுக்கு 3,000 சுற்று ஒன்றும் பெரிதில்லை. ஏற்றத்தில் எதிர் வண்டிக்காக நிற்கும்போது கிளட்சில் பிடித்து நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக் இழுங்கள். ஓடும்போது இடது கால் பெடல் மேல் இருக்கவே கூடாது. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் விசில் அடிக்க ஆரம்பிக்கும்.

"ஃபோர் வீல் லோவில் போட்டுட்டா கிளட்ச் தப்பிச்சுக்குமே மாமா" என்றான் மாப்பிள்ளை. நல்ல கேள்வி, தார் ரோட்டுக்குப் பதில் வேண்டாம் என்பதுதான். லோ என்பது நாலு சக்கரமும் இழுக்கும் குறைந்த கியர் வரிசை, அதில் இழுவை இரண்டரை மடங்கு கூடும், உண்மை. ஆனால் அதில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் சறுக்கிச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்காது, அந்த முறுக்கு முழுக்க, முன்னும் பின்னும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஜாயிண்டிலும் ஏறும். ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். தோட்டத்துக்குள் சேற்றில் போடுங்கள். போடும்போது வண்டியை நிறுத்தி, மேனுவலில் கிளட்சை முழுதாக மிதித்து, ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலுக்கு வந்து, அப்புறம் மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் எப்படித் தாங்குகிறது

இதில் கிளம்பும் வேலையைச் செய்வது எண்ணெய். என்ஜின் பக்கம் ஒரு சக்கரம் எண்ணெயை வீசுகிறது, கியர் பாக்ஸ் பக்கம் எதிரில் இருக்கும் சக்கரத்தை அந்த எண்ணெய் தள்ளுகிறது, நடுவில் மூன்றாவது ஒன்று எண்ணெயைத் திருப்பிவிடுகிறது. இதுதான் டார்க் கன்வர்ட்டர். நிற்கும் வண்டி கிளம்பும் அந்த நேரத்தில் என்ஜினின் இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். ஏற்றத்தில், லோடோடு, வளைவின் நடுவில் நின்று கிளம்புவதற்கு இதைவிடத் தோதானது இல்லை. உராய்ந்து தேய்கிற தட்டு அந்த இடத்தில் கிடையாது. மாப்பிள்ளைக்கு நான் ஆட்டோமேட்டிக் பக்கம் சாய்ந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் சும்மா எதுவும் வராது. தட்டில் போகவேண்டிய சூடு எண்ணெயில் போகிறது. சமவெளியில் வேகம் பிடித்ததும் கன்வர்ட்டருக்குள் ஒரு லாக் விழுந்து நேரடியாக இழுக்கும், சூடு குறையும். மலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த லாக் சரியாக விழாது. டி-யில், அதாவது கியர் தானாக மாறும் டிரைவில் விட்டுவிட்டு ஏறினால் கியர் பெட்டி இரண்டா மூன்றா என்று மாறி மாறித் தவிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உள்ளே இருக்கும் சின்னக் கிளட்ச் தட்டுகள் கொஞ்சம் உராயும். அதனால் ஏறும்போது லீவரைப் பக்கவாட்டில் தள்ளி, பிளஸ் மைனஸ் போட்டிருக்கும் மேனுவல் வரிசைக்கு வந்து இரண்டாவதில் பிடித்துக்கொள்ளுங்கள். ஹைலக்ஸில் அது எஸ் என்று இருக்கும். வளைவு கடுமையானால் ஒன்று.

இறக்கம்

ஏறின கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். கியர் பாக்ஸ் எதுவானாலும் இது மாறாது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் மலை இறங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, டி-யிலேயே விட்டுவிடுவது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்டி மேல் கியருக்குப் போகப் பார்க்கும். என்ஜின் பிடிப்பு குறைந்து முழு பாரமும் பிரேக்கில் விழும். முப்பதாவது வளைவிலேயே சக்கரத்திலிருந்து வாடை வர ஆரம்பிக்கும். பெடல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது. மேலேயே, முதல் வளைவுக்கு முன்பே இரண்டாவதில் போட்டுவிட்டு இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள், டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்கும்.

டாஷ்போர்டில் இறக்கம் இறங்குவதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பிரேக்கைத்தான் தானாகப் பிடித்து விடுகிறது. தோட்டத்துக்குள் ஐம்பது அடிக்குச் செங்குத்தான மண் பாதை என்றால் அருமையான சாமான். எழுபது வளைவுக்கும் அதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். இப்போது வரும் என்ஜினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் டீசல் போவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

ஓட்டிப் பார்ப்பது

ஷோரூமில் தருகிற டெஸ்ட் டிரைவ் பெரும்பாலும் நாலு வழிச் சாலையில் இரண்டு கிலோமீட்டர். அதில் எந்த கியர் பாக்ஸும் நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் கேட்டு வாங்கி காரவள்ளிக்கே கொண்டுபோனோம், ஆள் நாலு பேர் ஏறிக்கொண்டு முதல் பத்து வளைவு. மேனுவலில் ஒரு நாள், ஆட்டோமேட்டிக்கில் ஒரு நாள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். ஏற்றத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். எதிரில் பஸ் வந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். மேனுவலில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் பாதி கிளட்ச் எவ்வளவு தேவைப்படுகிறது என்று கால் சொல்லும். இடது முழங்கால் எத்தனை தடவை மடங்கி நீண்டது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அங்கேதான் முடிவு வந்தது. மச்சான், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, மேனுவலை ஓட்டி எட்டாவது வளைவில் ஓரம் கட்டிவிட்டார். இடது முழங்காலில் போன வருடம்தான் ஆபரேஷன். மிளகு எடைக்கு இறக்கும் நாளில் வண்டி ஓட்டுவது அவர்தான், மகன் வேலைக்குப் போய்விடுவான். ஆட்டோமேட்டிக்கில் அவரே முழுக்க ஓட்டி இறக்கிக்கொண்டு வந்தார்.

வலது காலும் இடது காலும் நன்றாக இருந்து, ஒரே ஆள் ஓட்டி, மலை எப்போதாவதுதான் என்றால் நான் மேனுவல்தான் சொல்லியிருப்பேன். விலை குறைவு. எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றிப் பூட்டுவார். ஆட்டோமேட்டிக் பெட்டி உள்ளே கெட்டுப்போய்விட்டால் பிரிக்கத் தெரிந்தவரைத் தேடவேண்டும், பில்லும் கிளட்ச் செட்டைப் போலப் பல மடங்கு வரும். இதை மறைத்துச் சொல்லக் கூடாது.

சி.வி.டி., இரட்டை கிளட்ச் என்று கார்களில் வருகிற மற்ற வகைகளை இந்த இரண்டு பிக்கப்பிலும் தேட வேண்டாம், கிடையாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம். மேனுவலானால் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். என்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் இழுத்துக்கொண்டிருந்தால் பிளேட் முடிந்தது. காலையில் குளிர்ந்த வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கிப் பாருங்கள், கரகரவென்றால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. சூடான வண்டியில் இது மறைந்துவிடும், அதனால் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து டி-க்கும் ஆர்-க்கும் மாற்றுங்கள். ஒரு விநாடிக்குள் மெத்தென்று பிடிக்க வேண்டும். தாமதமாகி 'டங்' என்று விழுந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் 60, 70 வேகத்தில் லேசான ஆக்சிலேட்டரில் ஓட்டுங்கள். சாலையோரக் கோட்டின் மேல் டயர் ஓடுவது போல ஒரு நடுக்கம் தெரிந்தால் கன்வர்ட்டர் லாக்கில் கோளாறு.

ஆயில்

ஒரு ஆட்டோமேட்டிக் பிக்கப் 90,000 கிலோமீட்டரில் என்னிடம் வந்தது. கியர் மாறும்போது இழுப்பதாகச் சொன்னார்கள். ஒரு தடவையாவது ஆயில் மாற்றினீர்களா என்றேன். இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத ஆயில் என்று ஒரு சர்வீஸ் சென்டரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆயில் வடிக்கும் போல்ட்டைத் திறந்து வெள்ளை வேஷ்டித் துணியில் நாலு சொட்டு விட்டேன். புது ஆயில் குங்குமத் தண்ணீர் மாதிரி சிவப்பாக இருக்கும். இது டிகாக்ஷன் கறுப்பு, முகர்ந்தால் கருகின வாடை. துணியில் பரவிய வட்டத்துக்கு நடுவில் விரலால் தேய்த்தால் கரி மாதிரி ஒட்டியது. அது தேய்ந்துபோன தட்டு.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. கொஞ்சம் ஆயிலும் ஒரு மதிய நேரமும் போதும், ஒரு பெட்டியைக் காப்பாற்ற. மலையிலும் லோடிலும் ஓடும் வண்டிக்கு 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்று என்பதுதான் என் கணக்கு. போல்ட்டைத் திறந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் வடியும், மீதி கன்வர்ட்டருக்குள் நிற்கும். அதனால் மாற்றி, சில நாள் ஓட்டி, இன்னொரு தடவை மாற்றுங்கள். கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் அளவு பார்ப்பது எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான், அதற்கு ஸ்கேனர் வேண்டும். கண் மதிப்பில் ஊற்றுகிறவரிடம் விடாதீர்கள். நெடுநாள் மாற்றாத பெட்டிக்கு மெஷின் வைத்து மொத்தமாகக் கழுவ வேண்டாம், கிளம்பிய அழுக்கு வால்வில் போய் அடைக்கும்.

மேனுவலுக்கும் ஆயில் முக்கியம். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று கியர் ஆயிலில் தரம் உண்டு. ஜிஎல்-4 போட்ட பெட்டியில் கிடைத்தது என்று ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரித்துவிடலாம். சில தயாரிப்பில் என்ஜின் ஆயிலே கியர் பாக்ஸுக்கும் வரும். கையேட்டைப் பார்த்து ஊற்றுங்கள். ஓடையில் இறங்கி ஏறிய வண்டியென்றால் இரண்டு நாளைக்குள் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றே மாற்ற வேண்டும்.

மச்சானுக்கு நிறுத்தும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன், ஏனென்றால் களத்துமேட்டில் சரிவில்தான் நிறுத்துகிறார். பிரேக்கை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்க இழுத்து, கால் பிரேக்கை மெல்ல விட வேண்டும். வண்டி ஒரு அங்குலம் அசைந்து ஹேண்ட் பிரேக்கில் உட்காரும். மறுபடி பிரேக்கை மிதித்து பி, அதாவது பார்க், போட வேண்டும். நேராக பி போட்டுக் காலை எடுத்தால் இரண்டு டன்னும் உள்ளே விரல் அளவு இரும்பு நாக்கு ஒன்றில் தொங்கும். அடுத்த தடவை லீவரை எடுக்கும்போது 'டக்' என்று கேட்பது அந்த நாக்கின் சத்தம்தான்.

கடைசியாக ஒன்று, வண்டி மலையில் நின்றுவிட்டால். மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், நியூட்ரலில் கயிறு கட்டி அடிவாரம் வரை மெல்ல இழுக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் இரண்டும் ஆகாது. உள்ளே எண்ணெயைச் சுற்றவைக்கும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜின் அணைந்திருக்க, சக்கரம் மட்டும் சுற்றினால் பெட்டி எண்ணெய் இல்லாமல் காய்ந்து சுற்றும். செம்மேட்டிலிருந்து அடிவாரம் வருவதற்குள் பெட்டியே கெட்டுப்போய்விடும். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரி கேபிள் ஒரு ஜோடி சீட்டுக்கு அடியில் எப்போதும் கிடக்கட்டும்.